கவுண்டி நாய் உரிமம்: வாங்கும் முறையும், அந்தப் பணத்தைப் பின்தொடரும் முறையும்

எங்கள் நாயின் கழுத்துப்பட்டையில் தொங்கும் அலுமினிய உரிம வில்லையில் மூன்றே செய்திகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன: கவுண்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பெயர், ஆண்டு, ஓர் எண். ஒஹாயோவில் நாங்கள் குடியிருக்கும் கவுண்டியில், ஒரு சனிக்கிழமை காலையில் புல் வெட்ட வந்தவர் கொல்லைக் கதவின் கொண்டியைப் போடாமல் போய்விட்டார். நாங்கள் கவனிப்பதற்குள் நாய் நெடுஞ்சாலையோரத்துப் பெட்ரோல் நிலையம் வரை ஓடிவிட்டது. தெருத்தெருவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதே திரியும் நாய்களைப் பிடிக்கும் கவுண்டியின் நாய் வார்டன் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. வில்லையில் இருந்த எண்ணைக் கணினியில் தட்டியதும் எங்கள் கைப்பேசி எண் அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. காப்பகத்தில் எங்கள் நாய் இருந்த கூண்டுக்குப் பக்கத்துக் கூண்டில் பழுப்பு நிற நாய் ஒன்று படுத்திருந்தது. அதன் கழுத்தில் நல்ல தோல் பட்டை இருந்தது, வில்லை இல்லை. “இதற்கு மூன்று நாள், உங்கள் நாயாக இருந்தால் பதினான்கு நாள்” என்றார் அங்கிருந்த அலுவலர். பிறகு சட்டத்தைப் படித்துப் பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே இருந்தது: ஒஹாயோவில் உரிமையாளர் இன்னார் என்று தெரியாத நாயை மூன்று நாள் வைத்திருந்தால் போதும், தெரிந்த நாயை 14 நாள் வைத்திருக்க வேண்டும்.

இந்த வில்லையை வாங்குவது எப்படி என்பதையும், அதற்காக நாம் கட்டும் தொகை கவுண்டியில் எந்தக் கணக்கில் விழுகிறது, விலங்குக் கட்டுப்பாட்டுத் துறை உண்மையில் யாருடைய பணத்தில் நடக்கிறது என்பதைக் கண்டறிவது எப்படி என்பதையும் அமெரிக்காவில் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன். “இது இன்னொரு வரி” என்று கட்டாமல் விடுகிறவர்களையும், “நாம் கட்டுகிற பணத்தில்தானே காப்பகமே நடக்கிறது” என்று நம்புகிறவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாததால்தான் பட்ஜெட் கூட்டத்தில் பேச வேண்டிய நேரத்தில் நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

முதலில், எந்த அலுவலகம் என்று முடிவு செய்யுங்கள்

நாய் உரிமத்துக்கு நாடு முழுவதற்குமான கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. மாநிலச் சட்டம் ஒரு சட்டகத்தைத் தரும். வசூலிக்கும் பொறுப்பு கவுண்டியிடமோ, நகரத்திடமோ, டவுன்ஷிப்பிடமோ இருக்கும். ஒஹாயோவில் கவுண்டி ஆடிட்டர், பென்சில்வேனியாவில் கவுண்டி கருவூலர், வர்ஜீனியாவில் கவுண்டி அல்லது நகரக் கருவூலர் என்று அலுவலகம் மாறும். விஸ்கான்சினில் நகரம், கிராமம், டவுன் ஆகியவற்றின் கருவூலர் வசூலித்துக் கவுண்டிக்கு அனுப்புகிறார். இலினாயில் கவுண்டி வழங்கும் ரேபிஸ் வில்லையே பதிவாகவும் கொள்ளப்படுகிறது; தடுப்பூசி போடும் கால்நடை மருத்துவரிடமே அதை வாங்கிக்கொள்ளலாம். நியூஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் கவுண்டிக்கு இதில் வேலையே இல்லை, உங்கள் ஊராட்சியின் கிளார்க் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். நியூயார்க் மாநில அரசு 2011 ஜனவரி 1 அன்று இந்தப் பொறுப்பைக் கைவிட்டு டவுன்களிடமும் நகரங்களிடமும் ஒப்படைத்தது. டெக்சாஸில் மாநிலம் முழுவதற்குமான உரிமம் இல்லை. தடுப்பூசி மட்டும் கட்டாயம். டாலஸ் நகரம் ஆண்டுப் பதிவையே எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக மைக்ரோசிப்பை (நாயின் தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) கட்டாயமாக்கியிருக்கிறது.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உங்கள் அஞ்சல் முகவரியில் ஒரு நகரத்தின் பெயர் இருப்பதாலேயே நீங்கள் அந்த நகர எல்லைக்குள் வசிக்கிறீர்கள் என்று ஆகிவிடாது. அஞ்சல் துறை தன் வசதிக்காக வைத்த பெயர் அது; வீடு கவுண்டியின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட பகுதியில் இருக்கலாம். சொத்து வரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். வரி பெறும் அமைப்புகளின் பட்டியலில் நகரத்தின் பெயர் இருந்தால் நகர எல்லைக்குள் இருக்கிறீர்கள், இல்லையென்றால் கவுண்டிதான். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கவுண்டியின் வரைபடப் பக்கத்தில் முகவரியைத் தட்டினால் இந்த விவரம் கிடைத்துவிடும். நகர எல்லைக்குள் இருந்தாலும் நகரம் இந்த வேலையைக் கவுண்டியிடம் ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கலாம் என்பதால், நகர அலுவலகத்தில் “நாய் உரிமத்தை நீங்களே தருகிறீர்களா, கவுண்டி தருகிறதா?” என்று ஒருமுறை கேட்டுவிட்டால் குழப்பம் தீரும்.

காகிதங்கள்

பெரும்பாலான இடங்களில் கேட்பது ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழைத்தான். கால்நடை மருத்துவமனையில் தரும் ரசீது சான்றிதழ் ஆகாது. மருத்துவரின் கையெழுத்து, தடுப்பூசியின் தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் உள்ள தாளைக் கேட்டு வாங்க வேண்டும். முதல் தடுப்பூசி, மருந்துக் குப்பியில் மூன்று ஆண்டு என்று எழுதியிருந்தாலும், ஓராண்டுக்குத்தான் செல்லும். அதன் பலன் 28 நாள் கழித்துத் தொடங்குவதாகவே கணக்கிடுவார்கள். அந்த ஓராண்டுக்குள் இரண்டாவது ஊசியைப் போட்ட பிறகுதான் மூன்றாண்டுக் கணக்கு வரும். குட்டியை வாங்கியவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் உரிமக் காலமும் தடுப்பூசிக் காலமும் ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் தடுப்பூசி செல்லுபடியாகும் காலத்தைத் தாண்டி உரிமம் தரமாட்டார்கள். நியூஜெர்சியில் உரிம ஆண்டின் 12 மாதத்தில் 10 மாதத்துக்காவது தடுப்பூசி செல்லுபடியாக வேண்டும். ஆகஸ்டில் காலாவதியாகும் ஊசியோடு ஜனவரியில் வரிசையில் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கருத்தடை அறுவை செய்திருந்தால் அதற்கான சான்றையும், மைக்ரோசிப் எண்ணையும், மூத்த குடிமக்கள் அல்லது மாற்றுத்திறனாளிகள் சலுகை கேட்பதானால் அடையாள அட்டையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவமனையில் தடுப்பூசியோடு தரும் சிறு உலோக வில்லையே உரிமம் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் உரிமமே வாங்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். இலினாய் போன்ற இடங்களில் இரண்டும் ஒன்றாக இருக்கலாம். ஒஹாயோ, பென்சில்வேனியா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்களில் இரண்டும் வேறு வேறு. வில்லையில் கவுண்டியின் பெயர் இருக்கிறதா, மருத்துவமனையின் பெயர் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எவ்வளவு, எப்போது, எத்தனை ஆண்டுக்கு

ஒஹாயோவில் 3 மாதத்துக்கு மேற்பட்ட எல்லா நாய்களுக்கும் டிசம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை பதிவுக்காலம். மாநிலச் சட்டத்தில் உள்ள அடிப்படைக் கட்டணம் ஆண்டுக்கு 2 டாலர்தான். ஆனால் அதைக் கூட்டும் அதிகாரம் கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்களுக்கு உண்டு, அவர்கள் கூட்டியும் இருக்கிறார்கள், ஆகவே பக்கத்துக் கவுண்டிக்காரர் கட்டும் தொகையும் உங்களுடையதும் ஒன்றாக இருக்காது. ஜனவரி 31-ஐத் தவறவிட்டால் ஓராண்டுக் கட்டணத்துக்குச் சமமான தொகை தண்டமாகச் சேரும், அதாவது இரண்டு மடங்காகக் கட்ட வேண்டியிருக்கும். ஜூலை 1-க்குப் பிறகு நாயை வாங்கியவர்களுக்கும் வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவந்தவர்களுக்கும் அந்த ஆண்டு பாதிக் கட்டணம். இந்தச் சலுகையை யாரும் தாமாகச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

பென்சில்வேனியாவில் ஆண்டு உரிமம் 8.70 டாலர், வாழ்நாள் உரிமம் 52.70 டாலர், வாழ்நாள் உரிமத்துக்கு மைக்ரோசிப்போ பச்சைக்குத்தலோ வேண்டும். 3 மாதம் நிறைந்த நாய்களுக்கு ஜனவரி 1-க்குள் புதுப்பிக்க வேண்டும். வர்ஜீனியாவில் ஆண்டுக் கட்டணம் 10 டாலரையும் வாழ்நாள் கட்டணம் 50 டாலரையும் தாண்டக்கூடாது என்று சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. விஸ்கான்சின் சட்டம் கீழ்வரம்பு வைக்கிறது: கருத்தடை செய்த நாய்க்கு 3 டாலர், செய்யாததற்கு 8 டாலர், அதற்கு மேல் உள்ளூர் அமைப்பு கூட்டிக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் கருத்தடை செய்த நாய்க்கான கட்டணம், செய்யாததற்கான கட்டணத்தில் பாதியை மீறக்கூடாது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எளியது. ஒரு நாயின் எதிர்பாராத ஈற்றில் பிறக்கும் குட்டிகளைப் பராமரிக்கும் செலவு, கடைசியில் காப்பகத்தின் தலையில்தான் விழுகிறது.

வாழ்நாள் உரிமம் லாபமா என்பது வகுத்துப் பார்த்தால் தெரியும் கணக்கு. பென்சில்வேனியாவில் ஏழாம் ஆண்டிலிருந்து லாபம். வர்ஜீனியாவில் உச்சவரம்புக் கட்டணம் என்றால் ஆறாம் ஆண்டிலிருந்து. ஒஹாயோவில் நிரந்தர உரிமம் ஆண்டுக் கட்டணத்தைப் போல 10 மடங்கு என்பதால் குட்டி நாய்க்குத்தான் பொருந்தும், எட்டு வயது நாய்க்கு வாங்கினால் நட்டம்தான். வாழ்நாள் உரிமம் வாங்கினாலும் வீடு மாறும்போதும், கைப்பேசி எண் மாறும்போதும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் வில்லையில் இருக்கும் எண் பழைய வீட்டுக்குத்தான் வழி காட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். இணையத்தில் “சேவை நாய்ப் பதிவு” என்று சான்றிதழும் அட்டையும் விற்கும் தனியார் பக்கங்களுக்குக் கவுண்டி உரிமத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. உண்மையான சேவை நாய்க்கும், அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, மற்ற நாய்களைப் போலவே உள்ளூர் உரிமமும் தடுப்பூசியும் தேவை. பல இடங்களில் அதற்குக் கட்டணம் மட்டும் தள்ளுபடி. அடுத்தது வர்ஜீனியாக்காரர்களுக்கு. அங்கே தடுப்பூசி போட்ட மருத்துவர் சான்றிதழின் நகலை 45 நாளுக்குள் கருவூலருக்கு அனுப்பியாக வேண்டும், அதைப் பார்த்துக் கருவூலர் உங்களுக்குக் கட்டணச் சீட்டு அனுப்புவார். இதற்குப் பயந்து தடுப்பூசியையே தள்ளிப்போடும் எண்ணம் எவருக்கும் வர வேண்டாம். தடுப்பூசி போடாத நாய் ரேபிஸ் உள்ள ரக்கூனிடமோ வௌவாலிடமோ கடிபட்டால், கருணைக்கொலை அல்லது மாதக்கணக்கில் கடுமையான தனிமைப்படுத்தல் என்ற இரண்டில் ஒன்றைத்தான் சுகாதாரத் துறை முன்வைக்கும். 10 டாலரை மிச்சம் பிடிக்க அந்த நிலைக்கு நாயைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

இந்தப் பணம் முதலில் எதற்காக வந்தது

நாய்க் கட்டணத்தின் வேர் ஆட்டுக் கொட்டிலில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் திரியும் நாய்கள் ஆடுகளைக் கடித்துக் கொன்றபோது, இழப்பைச் சந்தித்த விவசாயிக்கு ஈடு கொடுக்கவே பல மாநிலங்கள் நாய்க்கு வரி விதித்தன. நாய் சொத்தா இல்லையா என்பதே அப்போது வழக்காடும் பொருளாக இருந்தது. லூசியானாவில், வரிப் பதிவேட்டில் ஏற்றப்படாத நாய்க்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று ஒரு சட்டம் இருந்தது. நியூ ஆர்லியன்ஸில் ரயில் நிறுவனம் ஒன்றின் வண்டி மோதி இறந்த நியூஃபவுண்ட்லாந்து வகை நாய் ஒன்றுக்காக அதன் உரிமையாளர் இழப்பீடு கேட்டபோது, 1897-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் நாய்க்குக் காப்பு என்ற கருத்து அந்தக் காலத்திலிருந்தே உரிமத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

அந்த ஆட்டுக் கணக்கின் தடம் இன்றைய சட்டங்களிலும் அழியாமல் இருக்கிறது. கலிபோர்னியாவின் சட்டம் கவுண்டி வசூலிக்கும் உரிமக் கட்டணத்தையும் அபராதத்தையும் எந்த வரிசையில் செலவிட வேண்டும் என்று சொல்கிறது: முதலில் வில்லை வழங்கும் செலவு, அடுத்து அமலாக்கும் பணியாளர்களின் சம்பளமும் செலவும், மூன்றாவதாக நாய்கள் கொன்ற கால்நடைகளுக்கு ஈடு, நான்காவதாக அடிபட்ட விலங்குகளின் அவசரச் சிகிச்சை. வர்ஜீனியாவில் கட்டணம் தனிக் கணக்கில் வைக்கப்பட்டு, விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலரின் சம்பளம், காப்பகப் பராமரிப்பு, ரேபிஸ் தடுப்பு போன்ற குறிப்பிட்ட செலவுகளுக்குத்தான் போகும். விஸ்கான்சினிலும் இலினாயிலும் கவுண்டிக்கென்று தனி நிதி உண்டு, கால்நடை இழப்பீடு அதிலிருந்தே தரப்படுகிறது. ஒஹாயோவில் அதற்குப் பெயர் “நாய் மற்றும் கென்னல் நிதி” (கென்னல் என்றால் நாய்க்கொட்டில்). படிவம், பதிவேடு, வில்லை, நாய் பிடிக்கும் வலை, வார்டன்களின் ஊதியம் என்று அந்தச் சட்டத்தில் செலவுகள் பொருள் பொருளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. நூலகம், பூங்கா, சாலை என எங்கே வேண்டுமானாலும் போகக்கூடிய சொத்து வரியைப் போல அல்லாமல், இந்தத் தொகை நம் கையிலிருந்து கூண்டு வரை தடம் பிடித்துப் போகக்கூடியது. நான் உரிமத்தை ஆதரிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஏன் அது போதவில்லை

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கவுண்டியில் 1,00,000 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் மதிப்பீட்டு முறைப்படி பத்து வீட்டுக்கு ஏறத்தாழ ஆறு நாய். ஆக 60,000 நாய்கள். அதில் நாலில் ஒரு பங்குக்கு மட்டுமே உரிமம் வாங்கியிருப்பதாகவும், கட்டணம் 12 டாலர் என்றும் கொண்டால் வரவு 1,80,000 டாலர். இப்போது செலவுப் பக்கம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் வேலை செய்கிறார். இரவு பகலாக, சாலையில் ஒரே ஓர் அலுவலர் எப்போதும் இருக்க வேண்டும் என்றாலே, விடுப்பையும் சேர்த்தால் ஐந்து பேரை வேலைக்கு வைக்க வேண்டும். சம்பளமும் காப்பீடும் சேர்த்து ஒருவருக்கு 70,000 டாலர் என்றால் 3,50,000 டாலர். அதாவது, கவுண்டி முழுவதற்கும் ஒற்றை ஆளைச் சாலையில் நிறுத்துவதற்கான செலவில் பாதியைத்தான் உரிம வரவு ஈடுகட்டுகிறது. காப்பகக் கட்டடம், தீவனம், கால்நடை மருத்துவர், வண்டி, தொலைபேசியில் புகார் வாங்குபவர், கடித்த நாயைப் பத்து நாள் தனிமையில் வைத்துக் கவனிப்பது, கொடுமைப் புகார்களை விசாரித்து நீதிமன்றம் வரை கொண்டுபோவது ஆகிய எதுவும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். கட்டணத்தை ஒரு காசும் கூட்டாமல், உரிமம் வாங்குவோரை நாலில் ஒன்றிலிருந்து பாதியாக உயர்த்தினால் வரவு 3,60,000 ஆகிறது. கட்டணத்தை இரண்டு மடங்காக்கினாலும் காகிதத்தில் அதே தொகைதான் வரும்; ஆனால் 24 டாலர் என்றதும் இப்போது கட்டுகிறவர்களிலும் சிலர் நின்றுவிடுவார்கள், வில்லை இல்லாத நாய்கள் பெருகும், காப்பகத்தில் உரிமையாளர் தெரியாத கூண்டுகள் கூடும். ஆகவே குறைந்த கட்டணமும் பரந்த வசூலும்தான் சரி என்பது என் கருத்து.

அதற்காகக் கட்டணத்தை அப்படியே உறையவிடுவதும் தவறு. பென்சில்வேனியாவில் 1996-க்குப் பிறகு 2023 வரை ஆண்டுக் கட்டணம் உயர்த்தப்படவே இல்லை. அங்கே நாய்ச் சட்ட அமலாக்கப் பிரிவு உரிமக் கட்டணத்தையே பெரிதும் நம்பி இருப்பதால், சம்பளமும் எரிபொருளும் விலையேறிய 27 ஆண்டுகளில் அந்த நிதி வற்றி, மாநிலத்தின் பிற பணத்திலிருந்து முட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. வாழ்நாள் உரிமத்திலும் இதே சிக்கல் மறைந்திருக்கிறது. இந்த ஆண்டு பத்தாண்டுப் பணம் மொத்தமாக வந்து நிதி வீங்கித் தெரியும், அடுத்த ஆண்டுகளில் அதே நாயைப் பராமரிக்க வரவு இருக்காது.

மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு கவுண்டியின் பொது நிதி, அதாவது சொத்து வரியும் விற்பனை வரியும். அடுத்து, கவுண்டியின் சேவையைப் பெறும் நகரங்கள் தரும் ஒப்பந்தத் தொகை. சியாட்டிலைச் சுற்றியுள்ள கிங் கவுண்டி 2010 முதல் பல நகரங்களோடு இவ்வாறு ஒப்பந்தம் செய்து, அந்தந்த நகரவாசிகள் கட்டும் உரிமக் கட்டணத்தை அந்த நகரம் தர வேண்டிய செலவில் கழித்துக்கொள்கிறது. அங்கே கட்டும் உரிமக் கட்டணம் அந்த நகரத்தின் பாரத்தை நேரடியாகக் குறைக்கிறது என்று பொருள். சியாட்டில் நகரமோ தனக்கெனத் தனிக் காப்பகம் வைத்திருக்கிறது. இவை தவிர, பிடிபட்ட நாயை மீட்கும் கட்டணம், நாளுக்கு இவ்வளவு என்ற பராமரிப்புக் கட்டணம், தத்துக் கட்டணம், நன்கொடை ஆகியவை உண்டு. மீட்புக் கட்டணத்தை ஏற்றுவதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. கட்ட முடியாதவர் நாயை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார், அதன் பிறகு அந்த நாய்க்கு ஆகும் செலவு முழுவதும் வரி கட்டுபவர் தலையில் ஏறுகிறது.

உங்கள் கவுண்டியின் கணக்கைப் படிக்கும் முறை

கவுண்டியின் இணையதளத்தில் “ஏற்றுக்கொள்ளப்பட்ட பட்ஜெட்” என்ற கோப்பு இருக்கும். சில நூறு பக்கம் இருந்தாலும் அஞ்ச வேண்டாம், உங்களுக்கு வேண்டியது நாலைந்து பக்கம்தான். துறைப் பட்டியலில் விலங்குக் கட்டுப்பாடு தனித் தலைப்பாக இல்லையென்றால் ஷெரிஃப், பொதுச் சுகாதாரம், பொதுப்பாதுகாப்பு ஆகிய தலைப்புகளின் கீழ் தேடுங்கள். சில கவுண்டிகளில் தனியார் விலங்கு நலச் சங்கத்துக்கு ஒப்பந்தத் தொகையாக ஒரே வரியில் முடிந்துவிடும்; அப்படியானால் அந்த ஒப்பந்தத்தின் நகலைப் பொது ஆவணச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். எல்லா மாநிலத்திலும் இப்படியொரு சட்டம் உண்டு. பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல் போதும்.

அந்தப் பக்கத்துக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, செலவு எந்த நிதியிலிருந்து போகிறது என்பது. “பொது நிதி” என்றால் உரிம வரவு அதில் கலந்திருக்கலாம்; “சிறப்பு வருவாய் நிதி” என்றால் தனிக் கணக்கு. தனிக் கணக்காக இருந்தால் ஆண்டுத் தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு என்ற நான்கு எண்களை மூன்று ஆண்டுக்கு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இறுதி இருப்பு ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டே வந்தால், ஓரிரு ஆண்டில் கட்டணம் உயரப்போகிறது அல்லது ஆள் குறையப்போகிறது. பொது நிதியிலிருந்து இந்தக் கணக்குக்கு மாற்றப்பட்ட தொகை ஒன்று திடீரென்று தோன்றினால், அந்தத் துறையின் தலையெழுத்து இனி ஆண்டுதோறும் கமிஷனர்களின் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

நான் என் கவுண்டியின் தாளை இப்படி எழுதியபோது, உரிம வரவு ஏறத்தாழ அசையாமல் நிற்க, “உள்துறைச் சேவைகள்” என்ற ஒரு செலவுத் தலைப்பு மட்டும் மூன்று ஆண்டில் தொடர்ந்து ஏறியிருந்ததைக் கண்டேன். கணினி, கட்டடம், காப்பீடு போன்றவற்றுக்காக ஒரு துறையிடம் இன்னொரு துறை எடுத்துக்கொள்ளும் தொகை அது. அதில் தவறு இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் நாய்க்கென்று சட்டம் ஒதுக்கிய பணம் அந்த வழியாக வெளியேறுகிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. வரவுப் பக்கத்தில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால், எத்தனை உரிமங்கள், அதில் எத்தனை வாழ்நாள் உரிமங்கள் என்று ஆடிட்டர் அல்லது கருவூலர் அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டு எண்ணிக்கையைக் கொண்டு நான் மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களோடு போட்டுப் பார்த்தால், உங்கள் கவுண்டியில் எத்தனை நாய்கள் வில்லை இல்லாமல் இருக்கின்றன என்பது உத்தேசமாகத் தெரிந்துவிடும்.

பேச வேண்டிய நேரம் பட்ஜெட் நிறைவேறுவதற்கு முன் நடக்கும் பொதுக் கருத்துக்கேட்பு. கலிபோர்னியா, வர்ஜீனியா போன்ற இடங்களில் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குவதால் கூட்டங்கள் வசந்த காலத்தில் நடக்கும்; ஒஹாயோ, பென்சில்வேனியா, விஸ்கான்சின் கவுண்டிகளில் காலண்டர் ஆண்டே நிதியாண்டு என்பதால் இலையுதிர் காலத்தில் தேட வேண்டும். ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று நிமிடம்தான் தருவார்கள். நான் போனபோது நாய்ப் பாசத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்த நேரத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்தேன்: உள்துறைச் சேவைகளுக்கான செலவு ஏறிய தொகையும், அலுவலர் பணியிடம் ஒன்றை நிரப்பாமல் விட்டதால் மிஞ்சிய தொகையும் ஏறக்குறைய சமமாக இருப்பது ஏன்? உடனே பதில் வரவில்லை. எழுத்தில் தருவதாகச் சொன்னார்கள், மூன்று வாரத்தில் தந்தார்கள், அந்தத் தாளில் காலிப் பணியிடத்துக்கு விளம்பரம் கொடுக்கும் தேதியும் இருந்தது.

கேள்வியை எழுத்து வடிவிலும் கூட்டத்தின் கிளார்க்கிடம் கொடுத்துவிடுங்கள். கூட்டக் குறிப்பில் அது சேரும், அடுத்த ஆண்டு அதே தாளை எடுத்துக்கொண்டு மீண்டும் போகலாம்.